ஜூலியா ராபின்சன்: ஒரே கேள்வியோடு இருபது வருடம்

கரும்பலகை
வணக்கம். நம் மன்றத்தின் தர்க்கவியல் பகுதியில் கோடல் பற்றியும் டூரிங் பற்றியும் எத்தனையோ இழைகள் கிடக்கின்றன. ஜூலியா ராபின்சனுக்கு ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

முப்பது வருடம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தேன். √2 விகிதமுறா எண் என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். ஜூலியா சின்ன வயதில் இதே விஷயத்தைக் கேட்டபோது என்ன செய்தாள் என்று படித்த அன்றுதான் எனக்கு இவர் மேல் பிடிப்பு வந்தது. √2-இன் தசம இலக்கங்கள் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் நிலைக்கு வராது என்று தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை சொன்னார். 'அதெப்படி ஒருவருக்குத் தெரியும்?' என்று அவளுக்குத் தாங்கவில்லை. அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து, இலக்கம் இலக்கமாகக் கையால் வர்க்கமூலம் எடுத்துப் பார்த்தாள்.

1919 டிசம்பர் 8, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். இரண்டு வயதில் அம்மா போய்விட்டார். அக்கா கான்ஸ்டன்ஸோடு அரிசோனா பாலைவனத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். ஒரு பெரிய கள்ளிச்செடியின் நிழலில், வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு கூழாங்கற்களை வரிசையாக அடுக்கியதுதான் தனக்கு நினைவிருக்கும் முதல் காட்சி என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் குடும்பம் சான் டியாகோ பக்கம் போனது. ஒன்பது வயதில் செங்காய்ச்சல், அதைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல், ஒரு வருடம் படுக்கை. பள்ளிப் படிப்பு இரண்டு வருடத்துக்கு மேல் தவறிப் போயிற்று. மேலே சொன்ன ஆசிரியையிடம் படித்தது அதற்குப் பிறகுதான். வாரத்துக்கு மூன்று காலை பாடம் சொல்லி, நான்கு வகுப்புப் பாடத்தை ஒரே வருடத்தில் முடித்துவிட்டார்.

இந்தப் பெண்தான் பெரியவளாகி, ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட்டின் பத்தாவது கணக்கைப் பிடித்துக்கொண்டார். 1948-இல் பெர்க்லி பல்கலையில் தர்க்கவியலாளர் டார்ஸ்கியிடம் முனைவர் பட்டம், கொஞ்ச நாளில் இந்தக் கேள்வி, 1970-இல் விடை. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தியை ஊதும்போது மனதுக்குள் ஒன்று வேண்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். வருடா வருடம் இவர் வேண்டிக்கொண்டது, அந்தக் கணக்கு தீர வேண்டும் என்று. தான் தீர்க்க வேண்டும் என்று அல்ல, விடை தெரியாமல் சாகக் கூடாது என்பதற்காக. இதைப் பற்றித்தான் பேச ஆசை.

நிரலாளன்
சார், நல்ல தொடக்கம். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிந்து வைக்கிறேன். பத்தாவது கணக்கைத் தீர்த்தவர் யூரி மத்தியாசெவிச். லெனின்கிராடு, 1970 ஜனவரி, வயது 22. நாங்கள் கல்லூரியில் படித்ததும் அவர் பெயரில்தான். கடைசி அடி வைத்தவருக்குத்தானே தேற்றம் சேரும்? ராபின்சனின் கதை உருக்கமானது என்பதற்காகக் கணக்கை மாற்றி எழுதிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

நூல்கண்டு
எம்எஸ்சி கணிதம் இரண்டாம் வருடம். சண்டை சூடு பிடிப்பதற்கு முன், கணக்கு என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

முழு எண் கெழுக்கள் உள்ள ஒரு பல்லுறுப்புச் சமன்பாட்டைக் கொடுத்தால், அதற்கு முழு எண்களில் தீர்வு உண்டா இல்லையா என்று முடிவுள்ள படிகளில் சொல்லிவிடும் ஒரு பொது வழிமுறை வேண்டும். 1900-இல் ஹில்பர்ட் வெளியிட்ட 23 கணக்குகளில் பத்தாவது இது. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் தனித்தனி சாமர்த்தியம் கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரே வழிமுறை.

இது ஏன் கஷ்டம் என்பதற்கு என் கண்ணில் நிற்கும் உதாரணம் x³ + y³ + z³ = 33. பார்த்தால் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மாதிரி இருக்கும். பல்லாண்டுகள் ஒருவருக்கும் விடை கிடைக்கவில்லை. 2019-இல் ஆண்ட்ரூ புக்கர் கணினியில் கண்டுபிடித்தார்: 8866128975287528, −8778405442862239, −2736111468807040. மூன்றும் பதினாறு இலக்க எண்கள். அவற்றின் கனங்களைக் கூட்டினால் வெறும் 33. பதினைந்து இலக்கத்தோடு தேடலை நிறுத்தியிருந்தால் 'தீர்வே இல்லை' என்றுதானே நினைத்திருப்போம்? எங்கே நிறுத்தலாம் என்று சொல்லித் தரும் வழிமுறை உண்டா என்பதுதான் கேள்வியின் உயிர்.

வடமராட்சி
அருமையான விளக்கம் தங்கச்சி. நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, இப்போது வேறு தொழில். எனக்கு விளங்காத இடம் ஒன்று உண்டு. வழிமுறை இருக்கிறது என்றால் எடுத்துக் காட்டலாம். இல்லை என்று எப்படி நிரூபிப்பது? நாளைக்கு ஒரு கெட்டிக்காரன் கண்டுபிடித்து வரமாட்டான் என்று எந்த நம்பிக்கையில் சொல்வது?

நிரலாளன்
அண்ணா, இது என் பேட்டை, நான் சொல்கிறேன்.

1936-இல் சர்ச்சும் டூரிங்கும் 'வழிமுறை' என்றால் என்ன என்பதற்குத் துல்லியமான வரையறை கொடுத்துவிட்டார்கள். வரையறை வந்ததும் 'இல்லை' என்று நிரூபிக்க வழி பிறந்தது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஒரு கட்டத்தில் ஓடி முடியுமா, முடியாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லும் பொது நிரல் எழுதவே முடியாது. இப்போது, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சமன்பாட்டைச் செய்துவிட முடிந்தால்? நிரல் ஓடி முடிந்தால் சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு, முடியாவிட்டால் தீர்வு இல்லை. பத்தாவது கணக்குக்கு வழிமுறை இருந்தால் அதைக் கொண்டே நிரலின் முடிவையும் சொல்லிவிடலாம். அது முடியாது என்று முன்பே தெரியும். ஆகவே இதுவும் முடியாது. நாளை வரும் கெட்டிக்காரனுக்கும் இதே கதிதான்.

ஆனால் வெறும் கூட்டலையும் பெருக்கலையும் வைத்து ஒரு நிரலின் ஓட்டத்தை முழுக்கச் சமன்பாட்டுக்குள் அடைக்க முடியும் என்று யார் நம்புவார்கள்? மார்ட்டின் டேவிஸ் என்ற இளைஞர் 1950 வாக்கில் முடியும் என்று ஊகித்தார்.

கரும்பலகை
நிரலாளன், நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்துதான் ராபின்சன் வருகிறார்.

டேவிஸ் மேலிருந்து கீழே இறங்கினார்: ஒரு வழிமுறையால் பட்டியலிடக்கூடிய எந்தக் கணத்தையும் எடுத்துக்கொண்டு அதைச் சமன்பாட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவரலாம் என்று பார்த்தார். ராபின்சன் கீழிருந்து ஏறினார். 2, 4, 8, 16… என்ற இரண்டின் அடுக்குகளை மட்டும் பிடிக்கும் ஒரு சமன்பாடு உண்டா? டார்ஸ்கி பேச்சுவாக்கில் எழுப்பிய கேள்வி இது. முடியாது என்று நிரூபிக்கத்தான் இவர் முதலில் முயன்றார். நடக்கவில்லை. அப்புறம் முடியும் என்ற பக்கம் திரும்பினார். இரண்டு பேரும் 1950-இல் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டில் சந்தித்தார்கள்.

அடுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? பல்லுறுப்புக் கோவை என்றால் x², x³ என்று அடுக்கு நிலையாக நிற்கும். 2ˣ என்று அடுக்கிலேயே தெரியாத எண்ணை வைக்க அனுமதி இல்லை. அது கிடைத்துவிட்டால் ஒரு நீண்ட எண் தொடரையே ஒற்றை எண்ணுக்குள் சுருட்டி வைக்கலாம், நிரலின் ஓட்டம் முழுவதையும் அதில் அடக்கலாம். ராபின்சன் 1952 கட்டுரையில் இதற்கு எடுத்த கருவி நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை: பெல் சமன்பாடு. x² − 3y² = 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். (2, 1), (7, 4), (26, 15) என்று தீர்வுகள் அடுக்குக்குறி வேகத்தில் வளரும். இந்த வகைச் சமன்பாட்டைப் பிரம்மகுப்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே கையாண்டிருக்கிறார். அங்கிருந்து ராபின்சன் ஒரு நிபந்தனைக்கு வந்தார்: இரண்டு எண்களுக்கு இடையே ஒரு உறவு, அதைச் சமன்பாட்டால் சொல்ல முடிய வேண்டும், ஒன்று வளரும்போது மற்றது எந்த நிலையான அடுக்கையும் மிஞ்சி வளர வேண்டும், ஆனால் கைமீறிப் போகவும் கூடாது. அப்படி ஒரே ஒரு உறவு கிடைத்தால் போதும், அடுக்குகள் எல்லாம் சமன்பாட்டுக்குள் வந்துவிடும். இதற்கு அவருடைய முதலெழுத்துகளாலேயே ஜே.ஆர். என்று பெயர் நின்றுவிட்டது.

1959-இல் டேவிஸும் ஹிலரி பட்னமும் சேர்ந்து, அடுக்குகளை அனுமதித்தால் டேவிஸின் ஊகம் சரி என்று காட்டினார்கள். அதில் ஒரு ஓட்டை. பகா எண்களில் எவ்வளவு நீளமான கூட்டுத்தொடரும் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நிரூபித்திருந்தார்கள், அது அப்போது நிரூபிக்கப்படாதது. (பென் கிரீனும் டெரன்ஸ் டாவும் 2004-இல்தான் நிரூபித்தார்கள்!) கட்டுரையை ராபின்சனுக்கு அனுப்பினார்கள். அவர் அந்த அனுமானமே தேவைப்படாதபடி செய்துவிட்டார். 1961-இல் மூன்று பேர் பெயரிலும் வெளியாயிற்று.

ஆக, அதன் பிறகு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: ஜே.ஆர். நிபந்தனைக்குப் பொருந்தும் ஒரு உறவு. நிரலாளன், கடைசி அடி மத்தியாசெவிச் வைத்தது, சந்தேகமே இல்லை. அந்த அடியை எங்கே வைக்க வேண்டும் என்று தரையில் கோடு போட்டவர் யார்?

தாமரைக்குளம்
எனக்குக் கணக்குப் புரியாது, வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் செவிலியர். இதயப் பிரிவில் பதினொரு வருடம்.

ருமாட்டிக் காய்ச்சல் என்றதும் நின்றுவிட்டேன். தொண்டையில் வரும் ஒரு கிருமித் தொற்றுதான் இதற்கு மூலம். காய்ச்சல் போய்விடும், மூட்டு வீக்கமும் வடிந்துவிடும், இதய வால்வில் தழும்பு தங்கிவிடும். எங்கள் வார்டில் இன்றும் இந்தப் பிள்ளைகள் வருகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஜூலியாவுக்குக் காய்ச்சல் வந்த காலத்தில் பென்சிலின் மருந்தாகக் கைக்கு வரவில்லை. படுக்கையில் அசையாமல் கிடப்பதுதான் அன்றைய வைத்தியம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு வருடம் படுத்தே கிடந்தது என்றால் அதன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

பிறகு என்ன ஆயிற்று? குழந்தைகள் உண்டா?

கரும்பலகை
சகோதரி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. இல்லை. 1941 டிசம்பரில் பெர்க்லியில் தன் ஆசிரியரான ராஃபேல் ராபின்சனை மணந்தார். குழந்தைக்கு மிகவும் ஆசைப்பட்டார். கரு தங்கவில்லை. பிறகு மருத்துவர் இதயத் தழும்பைக் கண்டு, இனி கர்ப்பமே கூடாது என்று சொல்லிவிட்டார். நாற்பது வயதைத் தாண்டமாட்டார் என்று அவருடைய தாயாரிடம் தனியாகச் சொன்னாராம் (அப்பாவின் இரண்டாவது மனைவி, இவரை வளர்த்தவர்). அந்தத் துக்கத்தில் உழன்ற நாட்களில், கணக்கு என்று ஒன்று இருக்கிறதே என்று மறுபடி நினைவூட்டியவர் ராஃபேல்தான். டார்ஸ்கி எழுப்பிய ஒரு கேள்வியை வீட்டுக்கு வந்து சொன்னவரும் அவரே: விகிதமுறு எண்களின் கூட்டல், பெருக்கலை மட்டும் வைத்து முழு எண்களை வரையறுக்க முடியுமா? முடியும் என்று காட்டியதுதான் ஜூலியாவின் 1948 ஆய்வேடு.

1961-இல் வால்வுக்கு அறுவை சிகிச்சை. ஒரு மாதத்தில் சைக்கிள் வாங்கினார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியவர் அப்புறம் ஊர் ஊராக சைக்கிளில் சுற்றினார்.

தாமரைக்குளம்
சைக்கிள்! இதைப் படித்ததும் எங்கள் வார்டுப் பிள்ளைகளிடம் சொல்ல ஒரு கதை கிடைத்தது சார்.

நூல்கண்டு
எனக்கு ஒரு வருத்தம் உண்டு, எழுதியே ஆக வேண்டும். கணவர் பெர்க்லி கணிதத் துறையில் இருந்ததால் மனைவிக்கு அதே துறையில் வேலை தர விதி இடம் தரவில்லை. புள்ளியியல் பக்கம் வேலை செய்தார். அன்றாடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அலுவலகம் கேட்டதற்கு, திங்கள் முதல் வியாழன் வரை தேற்றத்தை நிரூபிக்க முயன்றேன், வெள்ளிக்கிழமை தேற்றம் தவறு என்று எழுதிக் கொடுத்தார். பின்னாளில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வானார், கணிதத்தில் முதல் பெண். பல்கலையின் செய்தி அலுவலகம் துறைக்கு ஃபோன் செய்து ஜூலியா ராபின்சன் யார் என்று விசாரித்தது. 'பேராசிரியர் ராபின்சனின் மனைவி' என்றார்கள். பேராசிரியர் பதவி 1976-இல்தான் வந்தது. அதாவது பத்தாவது கணக்கு தீர்ந்து ஆறு வருடம் கழித்து.

இதை ஏன் முதல் பதிவில் விட்டீர்கள் சார்? என்னைப் போன்ற பெண்களுக்கு இதுதானே முதலில் தெரிய வேண்டும்?

கரும்பலகை
தெரிந்தேதான் விட்டேன் அம்மா. முதல் பெண், முதல் பெண் என்று தன்னை நினைவு வைக்காமல், நிரூபித்த தேற்றங்களுக்காகவும் தீர்த்த கணக்குகளுக்காகவும் நினைவு வைக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அந்த வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து எழுதினேன். ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த விதியைச் சொல்லாமல் விட்டால் அது இல்லாமலே போனது போல ஆகிவிடும்.

நிரலாளன்
இன்னொன்று சேர்க்கிறேன், எங்கள் துறைக்குப் பயன்பட்டது. 1951-இல் விளையாட்டுக் கோட்பாட்டில் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு பேர் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் எதிராளி இதுவரை ஆடியதன் சராசரியைப் பார்த்து அதற்கு ஏற்ற சிறந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டே போனால், ஆட்டத்தின் சரியான மதிப்பை நெருங்குமா? ஒருவரின் லாபம் மற்றவரின் நஷ்டமாக இருக்கும் ஆட்டங்களில் நெருங்கும் என்று நிரூபித்தார். அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்ட் இதற்கு 200 டாலர் பரிசு வைத்திருந்தது. அங்கேயே வேலையில் இருந்ததால் அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஜே.ஆர். விஷயத்தில் நான் பாதி வழி வந்துவிட்டேன். மீதிக்கு 1970 கதையைச் சொல்லுங்கள்.

கரும்பலகை
சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1961 கட்டுரைக்கு மதிப்புரை எழுதிய தர்க்கவியலாளர் கிரைசல், இது ஹில்பர்ட்டின் கணக்கோடு நெருங்கிய தொடர்புடையதாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார். ஜே.ஆர். நிபந்தனை உண்மையாக இருந்தால் எல்லாச் சமன்பாடுகளையும் குறிப்பிட்ட படிக்கும் (மிக உயர்ந்த அடுக்குக்கும்) குறிப்பிட்ட மாறி எண்ணிக்கைக்கும் சுருக்கிவிடலாம் என்று ஆகும், அது நடக்கிற காரியமா என்ற எண்ணம். ராபின்சனுக்கே நடுவில் நம்பிக்கை தளர்ந்தது. அங்கே லெனின்கிராடில் மத்தியாசெவிச் மாணவனாக இருந்தபோதே இதில் இறங்கி, வருடங்கள் போய், இனி தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். 1969-இல் ராபின்சனின் புதிய கட்டுரை வந்ததைக் கேள்விப்பட்டும் படிக்கவில்லை. ஆனால் கட்டுரைச் சுருக்கங்களை வெளியிடும் சோவியத் இதழ் ஒன்று அதே கட்டுரையை மதிப்புரைக்காக அவருக்கே அனுப்பிவைத்தது. படித்துத்தானே ஆக வேண்டும்? படித்தார். அதில் ஒரு புதிய யோசனை இருந்தது. 1970 ஜனவரி தொடக்கத்தில் நிரூபணம் கையில்.

அவர் பிடித்தது ஃபிபனாச்சி எண்களை: 1, 1, 2, 3, 5, 8, 13, 21… முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்த இரண்டை எடுங்கள், 8-ம் 13-ம். 13² − 8×13 − 8² = 169 − 104 − 64 = 1. 5-ம் 8-ம் எடுத்தால் −1. அடுத்தடுத்த எந்த ஜோடிக்கும் இந்த இரண்டில் ஒன்றுதான் வரும். ஆக ஃபிபனாச்சி எண்களைப் பிடிக்கும் சமன்பாடு கையில் உண்டு, அவை அடுக்குக்குறி வேகத்தில் வளரவும் செய்கின்றன. குறை என்ன? ஒரு எண் ஃபிபனாச்சிதான் என்று சமன்பாடு சொல்லும், எத்தனையாவது என்று சொல்லாது. 144 பன்னிரண்டாவது என்பது எண்ணிப் பார்க்கும் நமக்குத் தெரியும், சமன்பாட்டுக்குத் தெரியாது. அந்த இடத்தைச் சமன்பாட்டுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

அதற்கு அவர் பயன்படுத்திய உண்மை: ஒரு ஃபிபனாச்சி எண்ணின் வர்க்கம் வேறொரு ஃபிபனாச்சி எண்ணை மீதியின்றி வகுத்தால், அந்த முதல் எண் இரண்டாவதன் இட எண்ணையும் வகுக்கும். நான்காவது எண் 3. அதன் வர்க்கம் 9. 9 வகுக்கும் முதல் ஃபிபனாச்சி எண் 144, அதன் இடம் 12, 3 பன்னிரண்டை வகுக்கிறது. ஐந்தாவது எண் 5. வர்க்கம் 25. 25 வகுக்கும் முதல் எண் 75025, அதன் இடம் 25. எண்ணின் மதிப்பைப் பற்றிய செய்தி, இடத்தைப் பற்றிய செய்தியாக மாறுகிறது பாருங்கள்! இட எண் முதல்முறையாகச் சமன்பாட்டின் கைக்குள் வருகிறது. இதை வைத்துக்கொண்டுதான் ஜே.ஆர். உறவைக் கட்டினார்.

பிப்ரவரி நடுவில் டேவிஸ் ஃபோன் செய்து ராபின்சனிடம் செய்தி சொன்னார். சோவியத் நகரமான நோவோசிபிர்ஸ்கில் இந்த நிரூபணம் பற்றி நடந்த ஓர் உரையில் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி எடுத்த குறிப்புகள் ராபின்சன் கைக்கு வந்தன. சில வரிகள்தான், ஆனால் அவருக்கு அது போதும், நிரூபணத்தைத் தானே கட்டி எழுப்பிப் பார்த்துவிட்டார். மத்தியாசெவிச்சுக்கு எழுதிய கடிதத்தில், தான் இந்த ஊகத்தைச் செய்தபோது அவர் கைக்குழந்தை என்றும், அவர் வளரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது அவ்வளவுதான் என்றும் எழுதினார். அந்தக் கடிதத்தில் பொறாமையின் நிழல்கூட இல்லை. அடுத்த வருடம் கணவரோடு லெனின்கிராடு போனார். பனிப்போர்க் காலத்தில் இரு நாட்டுக்கும் இடையே கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கு ஆகும், அதிலும் இருவரும் கடிதம் வழியாகவே சேர்ந்து வேலை செய்து, மாறிகளின் எண்ணிக்கையை 13-க்குக் குறைத்தார்கள்.

நிரலாளன்
சார், என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். மத்தியாசெவிச்சே நான்கு பேர் பெயரையும் சேர்த்துத்தான் இந்தத் தேற்றத்தைச் சொல்கிறார் என்பதை இப்போது தேடிப் படித்தேன். டேவிஸ், பட்னம், ராபின்சன், மத்தியாசெவிச். இனி நானும் அப்படியே சொல்வேன்.

வடமராட்சி
சேர், 75025-ஐ 25-ஆல் வகுத்துப் பார்த்தேன், 3001. மீதி இல்லை. இரவு பதினொரு மணிக்கு நான் கணக்குச் செய்து எத்தனை வருடம்!

ஒரு கேள்வி. ஆய்வேட்டில் விகிதமுறு எண்களைத் தொட்டாரே, அங்கே பத்தாவது கணக்கின் நிலை என்ன? பின்னங்களில் தீர்வு உண்டா என்று கேட்டால்?

நூல்கண்டு
அண்ணா, அது இன்றுவரை திறந்தே கிடக்கிறது. விகிதமுறு எண்களுக்குள் முழு எண்களை ஒரு சமன்பாட்டால் பிரித்தெடுக்க முடிந்தால் அங்கேயும் வழிமுறை இல்லை என்று உடனே சொல்லிவிடலாம். ஜூலியாவின் 1948 வரையறை அதைவிடச் சிக்கலானது, 'எல்லாவற்றுக்கும்', 'ஏதாவது ஒன்றுக்கு' என்ற நிபந்தனைகள் மாறி மாறி வரும். அதைச் சுருக்கும் வேலை பூனன், கோனிக்ஸ்மன் என்று இந்த நூற்றாண்டிலும் தொடர்கிறது. 2024 டிசம்பரில் கோய்மன்ஸும் பகானோவும் எல்லா எண் புலங்களின் முழு எண் வளையங்களுக்கும் (முழு எண்களைப் போலவே நடந்துகொள்ளும், அவற்றைவிடப் பெரிய எண் தொகுதிகள்) 'வழிமுறை இல்லை' என்ற முடிவை அறிவித்தார்கள். பின்னங்கள் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

தாமரைக்குளம்
சைக்கிள் வாங்கினவர் எத்தனை வருடம் இருந்தார்?

கரும்பலகை
அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருபத்துநான்கு வருடம். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவராக 1983-இலும் 84-இலும் இருந்தார். 1984-இல் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த கோடையில் அக்கா கான்ஸ்டன்ஸ் படுக்கையருகே உட்கார்ந்து, தங்கையின் வாழ்க்கையைத் தங்கையின் குரலிலேயே எழுதி, வாசித்துக் காட்டினார். 1985 ஜூலை 30-இல் மறைந்தார். வயது 65. இதயம் கடைசி வரை தாங்கியது.

வடமராட்சி, அடுத்ததையும் செய்து பாருங்கள். ஆறாவது எண் 8, வர்க்கம் 64. 64 வகுக்கும் முதல் ஃபிபனாச்சி எண் எது? கால்குலேட்டர் வேண்டாம், கூட்டிக்கொண்டே போங்கள்.

வடமராட்சி
நாற்பத்தெட்டாவது. 4807526976. மகளும் நானும் மாறி மாறிக் கூட்டினோம், முப்பத்தொன்றில் ஒருமுறை பிழைத்துத் திரும்பத் தொடங்கினோம். 64-ஆல் வகுத்தால் 75117609, மீதி இல்லை. 48-ஐ 8 வகுக்கிறதா என்று அவளிடம் கேட்டேன். 'ஆறு தரம்' என்று சொல்லிவிட்டு, ஏன் அப்படி என்று கேட்கிறாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று படுக்க வைத்திருக்கிறேன். நிரூபணம் எங்கே கிடைக்கும் சேர்?

கரும்பலகை
நாளை காலை எழுதி, படம் எடுத்துப் போடுகிறேன். இரண்டு பக்கம்தான் வரும்.